தகரத்துக்குப் பூச்சு: பிரஷா, ரோலரா, ஸ்பிரே மெஷினா?

ஹட்டனுக்கு அப்பால் உள்ள ஒரு குடியிருப்பில் அண்மையில் நடந்த கூட்டத்தில் எங்களிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் மலை சரிந்து, லயத்தையும் அதன் பின்புறத்து மரக்கறித் தோட்டத்தையும் இழந்து வந்த இருபது குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. இடிந்த லயங்களிலிருந்து கழற்றி எடுத்த தகரம் பாதியும், உதவியாகக் கிடைத்த புதுத் தகரம் பாதியுமாகக் கூரை போட்டிருக்கிறார்கள். தண்ணீர்த் தாங்கியை இரும்பு நிலையொன்றின் மேல் ஏற்றியிருக்கிறார்கள். சில மாதங்களுக்குள்ளேயே ஆணித் துளைகளிலும் வெட்டிய ஓரங்களிலும் துரு தலைகாட்டத் தொடங்கிவிட்டது.

மாதர் சங்கத்துச் சேமிப்பில் கொஞ்சம் பணம் இருந்தது. சங்கத் தலைவி எழுந்து, "கொம்ப்ரசரோட ஒரு ஸ்பிரே மெஷின் வாங்கிட்டா, எல்லா வீட்டுக்கும் நாமளே பெயிண்ட் அடிச்சுக்கலாம். அப்புறம் வாடகைக்கும் விடலாம். வாங்கலாமா ஃபாதர்?" என்று கேட்டார். தேயிலைத் தொழிற்சாலையில் பல காலம் ஃபிட்டராக இருந்த பெரியவர் ஒருவர் மூலையிலிருந்து, "மெஷின் நல்லதுதான். ஆனா துருவு மேல அடிச்சா, துருவு உள்ளுக்குள்ள அதன் வேலையைப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கும்?" என்றார்.

அவர் சொன்னது எங்களைச் சுட்டது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் நிலையத்து மண்டபக் கூரைக்குப் பூச்சுப் பூச ஒருவரிடம் ஒப்பந்தம் கொடுத்தோம். அவர் ஸ்பிரே மெஷினோடு வந்து ஒரே நாளில் வேலையை முடித்தார். பார்க்க அழகாக இருந்தது. அடுத்த மழைக்காலம் முடியும்போது பூச்சு பாம்புச் சட்டை போல் உரிந்து பீலிக்குள் கிடந்தது. அவரைக் குறை சொல்வது எளிது. ஆனால் எத்தனை நாள், எவ்வளவு பணம் என்று கேட்ட நாங்கள், பூசுமுன் தகரத்தை என்ன செய்வீர்கள் என்று கேட்கவில்லை. பிழையில் பாதி எங்களுடையது. இடம்பெயர்ந்து வந்து, ஒவ்வொரு ரூபாவையும் எண்ணிச் செலவழிக்கும் குடும்பங்களுக்கு அந்த நட்டம் வரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

துரு எங்கிருந்து வருகிறது?

இரும்பும் நீரும் காற்றிலுள்ள ஒட்சிசனும் ஒன்றுசேரும் இடத்தில் துரு பிறக்கிறது. இவற்றுள் ஒன்றைத் தடுத்தாலும் துரு நிற்கும். பூச்சின் வேலை நீரையும் காற்றையும் இரும்பை நெருங்கவிடாமல் தடுப்பது. ஆகவே பூச்சில் ஊசிமுனை அளவு இடைவெளி இருந்தாலும் அங்கிருந்து துரு தொடங்கி, பூச்சுக்கு அடியில் பரவி, அதைத் தூக்கிவிடும்.

நெளிதகரம் புதிய பொருளல்ல. இலண்டன் துறைமுகப் பொறியியலாளர் ஹென்றி பாமர் 1829இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1837இல் பிரான்சைச் சேர்ந்த சொரெல் என்பவர் இரும்பை உருகிய நாகத்தில், அதாவது துத்தநாகத்தில், தோய்த்துக் காக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இந்த இரண்டும் சேர்ந்துதான் நம் லயங்களின் கூரை ஆயின. நாகம் இரும்பை மூடுவதோடு நிற்பதில்லை. சிறு கீறல் விழுந்தால் இரும்புக்கு முன் தான் கரைந்து அதைக் காக்கிறது. ஆனால் அந்த நாகமும் ஒருநாள் தீர்ந்துபோகும். தகரத்தில் செந்நிறம் தெரிகிறதென்றால் அந்த இடத்தில் நாகம் முடிந்துவிட்டது என்று பொருள்.

நம் மலைநாட்டில் அது விரைவில் தீர்வதற்குக் காரணங்கள் உண்டு. மஸ்கெலியா, நோர்வூட், ஹட்டன் பக்கங்களில் வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேல் பருவமழை ஓய்வதில்லை. மழை இல்லாத இரவிலும் பனி பெய்கிறது. குளிர்ந்த தகரத்தின் அடிப்பக்கத்தில் அடுப்பங்கரை ஆவி நீர்த்துளியாகப் படிகிறது. விறகுப் புகையின் கரி அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான் பல வீடுகளில் கூரை மேலிருந்து அழியுமுன் கீழிருந்து அழிகிறது.

முதலில் சுத்தம், பிறகே கருவி

எந்தக் கருவியை வாங்கினாலும், பூசும் பரப்புச் சுத்தமில்லாவிட்டால் பணம் வீண். பூச்சு உரிந்துபோவதற்கான காரணங்களுள் முதலிடம் பெறுவது சரியாகச் சுத்தம் செய்யாமையே. ஆகவே கருவிப் பட்டியலில் முதலில் எழுத வேண்டியவை கம்பி பிரஷ், சுரண்டி, எமரித்தாள், சவர்க்காரத் தண்ணீர், பழந்துணி ஆகியவையே. உதிரும் துருவையும் பழைய பூச்சையும் சுரண்டுங்கள். கரியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, நல்ல தண்ணீரால் அலசி, முற்றாகக் காயவிடுங்கள். விரலால் தேய்த்துப் பார்த்தால் தூள் ஒட்டக் கூடாது.

இது ஏழைகளுக்கு மட்டுமான விதியல்ல. ஸ்கொட்லாந்தில் 1890இல் திறக்கப்பட்ட ஃபோர்த் ரயில் பாலத்துக்குப் பூச்சு வேலை முடிவதே இல்லை என்று உலகமெங்கும் சொல்வார்கள். 2002 தொடக்கம் 2011 வரை நடந்த பெரும் வேலையில் பழைய பூச்சுகளை வெறும் இரும்பு தெரியும்வரை நீக்கிவிட்டு, அதன்மேல் மூன்று படைகள் பூசினார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் நிற்கும் என்ற நம்பிக்கை அந்தச் சுத்தத்திலிருந்து வந்ததுதான்.

மணலைக் காற்றில் வீசித் துருவை அகற்றலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். மணல் உடைந்து வரும் நுண்தூள் நுரையீரலில் தங்கி, சிலிக்கோசிஸ் என்ற மாறாத நோயைத் தரும். தொழிற்சாலைகளில் வார்ப்புகளை இப்படி மணல் வீசிச் சுத்தம் செய்வதைப் பிரித்தானியா 1949ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளாலேயே தடைசெய்தது.

கருவிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

பிரஷ்: இதன் சிறப்பு, பூச்சை இரும்போடு தேய்த்து உட்செலுத்துவது. துருவால் குழிவிழுந்த இடம், ஆணித்தலை, போல்ட், தகரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் மடிப்பு, ஒட்டுப்போட்ட மூட்டு ஆகியவற்றுக்கு இதற்கு இணை இல்லை. பூச்சு வீணாவது மிகக் குறைவு. மின்சாரம் தேவையில்லை. குறை என்னவென்றால் மெதுவாகவே வேலை நடக்கும். துருப்பிடித்த இரும்புக்கு முதற்பூச்சை, அதாவது பிரைமரை, பிரஷால் பூசுவதே நல்லது.

ரோலர்: தட்டையான அகன்ற பரப்புக்கு ஏற்றது, பிரஷைவிட இரண்டு மூன்று மடங்கு வேகம். நெளிதகரத்துக்கு ஒடுக்கமான, குட்டை மயிருள்ள ரோலர் வேண்டும். ஆனால் குழிகளின் மேல் ரோலர் பாலம் போட்டதுபோல் தாண்டிப் போய்விடும். உள்ளே காற்று தங்கும். ஆகவே முதற்பூச்சுக்கு வேண்டாம். இரண்டாம் பூச்சுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பூச்சுக் கையுறை: செம்மறி உரோமம் போன்ற துணியால் செய்த கையுறை. பூச்சில் தோய்த்துக் குழாயைப் பிடித்து இழுத்தால் சுற்றிவரப் படியும். தண்ணீர்க் குழாய், பசுமைக்கூடாரத்தின் வளைகுழாய், கைப்பிடிக் கம்பி ஆகியவற்றுக்கு நல்லது. உள்ளே இறப்பர்க் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கொம்ப்ரசர் ஸ்பிரே: காற்று பூச்சை நுண்துளிகளாக உடைத்து வீசுகிறது. முகம் பார்க்கும் அளவு வழுவழுப்பு வருவதால் வாகன கராஜ்களில் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் சாதாரணத் துப்பாக்கியில் பூச்சின் பாதிக்கு மேல் பொருளில் ஒட்டாமல் காற்றோடு போய்விடும். குழாய், கம்பி போன்ற மெல்லிய பொருட்களில் நட்டம் இன்னும் அதிகம். காற்றழுத்தம் குறைந்த புதுவகைத் துப்பாக்கிகளில் மூன்றில் இரண்டு பங்களவு பொருளில் சேரும். ஆனால் அவற்றுக்கு நிறையக் காற்று தேவை.

நம் இடத்துக்கே உரிய இரண்டு சிக்கல்கள் இங்கே உண்டு. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஆகவே கொழும்பில் போதுமான சிறு கொம்ப்ரசர் இங்கே திணறும். மற்றது ஈரம். மூடுபனிக் காற்றை அமுக்கினால் நீர் பிரிந்து குழாய் வழியே பூச்சோடு வரும். நீர்ப்பிரிப்பான் பொருத்தாமலும், தொட்டியின் அடித்திருகைத் திறந்து நாள்தோறும் நீரை வடிக்காமலும் வேலை செய்தால், கூரைக்குப் பூச்சோடு தண்ணீரையும் சேர்த்தே அடிக்கிறோம்.

ஏர்லெஸ் மெஷின்: இதில் காற்று இல்லை, பம்பு பூச்சையே பேரழுத்தத்தில் சிறு துளை வழியே தள்ளுகிறது. பாலங்கள், எண்ணெய்த் தாங்கிகள் போன்ற பெருவேலைகளுக்கு உரியது. வேகம் மிக அதிகம், படையும் தடிப்பாக விழும். விலையும் அதிகம்; நுனிகள் தேயத் தேய மாற்ற வேண்டும்; ஒவ்வொரு முறையும் கழுவவே பல லீற்றர் தின்னர் போகும். இருபது வீட்டுக் கூரைக்கு இது யானையைக் கட்டித் தீனி போடும் வேலை.

மருந்தடிக்கும் முதுகு மெஷின்: கரட்டுக்கும் கோவாவுக்கும் மருந்தடிக்கும் மெஷினில் பெயிண்டைக் கரைத்து அடித்தால் என்ன என்றும் கேட்டார்கள். அடிக்கக் கூடாது. அது தண்ணீர் போன்ற திரவத்துக்காகச் செய்யப்பட்டது. பெயிண்ட் ஓடுமளவு கரைத்தால் படை காகிதத்திலும் மெலிதாகிவிடும். மெஷினும் அடைத்துக் கெடும். அதில் மிஞ்சிய மருந்து உங்கள் கூரைக்குப் போய், அங்கிருந்து மழைநீரோடு குடத்துக்கும் வரும்.

கணக்குப் பார்ப்போம்

வேகத்தை மட்டும் பார்த்தால் மெஷின்தான் வெல்லும். தட்டையான பரப்பில் ஒருவர் ஒரு நாளில் பிரஷால் சுமார் 100 சதுர மீற்றரும், ரோலரால் 200 முதல் 350 வரையும், கொம்ப்ரசர் ஸ்பிரேயால் 350 முதல் 700 வரையும் பூசலாம் என்பது பொதுவான மதிப்பீடு. சரிவான கூரையில் எல்லாமே குறையும்.

இப்போது பூச்சின் அளவைப் பாருங்கள். ஒரு வீட்டுக் கூரை 60 சதுர மீற்றர் என்று கொள்வோம். நெளிவுகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 66. இரண்டு படைக்கு 132 சதுர மீற்றர். பெயிண்டில் பாதி கன அளவு காய்ந்தபின் நிற்கும் திடப்பொருள் என்றால், 50 மைக்ரோன் தடிப்புக்கு ஒரு லீற்றர் 10 சதுர மீற்றருக்கு வரும். பிரஷில் பத்தில் ஒரு பங்கு வீணானால் 9 சதுர மீற்றர். வீட்டுக்கு ஏறக்குறைய 15 லீற்றர். ஸ்பிரேயில் பாதி வீணானால் 5 சதுர மீற்றர்; வீட்டுக்கு 26 லீற்றருக்கு மேல். வித்தியாசம் ஒரு வீட்டுக்கு 11 லீற்றருக்கும் அதிகம்; இருபது வீட்டுக்கு 230 லீற்றருக்கும் அதிகம். உங்கள் ஊர்க் கடையில் ஒரு லீற்றர் என்ன விலை என்று கேட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். அந்தப் பணம் காற்றில் போகிறது.

மெஷின் மிச்சம்பிடிக்கும் நேரம் எவ்வளவு? சுரண்டவும் கழுவவும் எடுக்கும் நாட்கள் எல்லாக் கருவிக்கும் ஒன்றே. ஸ்பிரே அடிப்பதென்றால் பக்கத்துச் சுவர், சன்னல், அயல்வீட்டுக் கொடித்துணி, கிணறு ஆகியவற்றை மூட வேண்டிய வேலையும் சேரும். மலைக்காற்றில் பறக்கும் பூச்சு மரக்கறிப் பாத்தியிலும் தேயிலைக் கொழுந்திலும் படிந்தால் அந்த நட்டம் வேறு.

படையின் தடிப்பைப் பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஈரத்தடிப்புச் சீப்பு என்ற பல்லுள்ள சிறு தகடு ஒன்று போதும். பூச்சு ஈரமாக இருக்கும்போதே அதைச் செங்குத்தாக அழுத்தி எடுத்து, எந்தப் பல் வரை நனைந்தது என்று பாருங்கள். மேற்சொன்ன பெயிண்டில் 100 மைக்ரோன் ஈரப்படை காய்ந்தால் 50 மைக்ரோன் ஆகும். கூரான ஓரங்களில் ஈரப்பூச்சு பின்வாங்கி மெலிந்துவிடும். ஆகவே ஓரம், துளை, மூட்டு ஆகியவற்றுக்கு முதலில் பிரஷால் தனியாக ஒரு கோடு பூசிவிட்டு, பிறகு முழுப் பரப்புக்கும் பூசுங்கள்.

புதுத் தகரமும் பழைய தகரமும்

உதவியாக வந்த புதுத் தகரத்தை அடுக்கி, மேலே தாளைப் போட்டு மூடிவைக்கிறோம். இடையில் ஈரம் புகுந்தால் வெள்ளைத்தூள் படியும்; அது நாகம் கரைவதன் அடையாளம். தகரத்தை நிலத்திலிருந்து உயர்த்தி, ஒருபக்கம் சரிவாக, இடையில் மெல்லிய சலாகை வைத்துக் காற்றோட்டமாக அடுக்குங்கள்.

புதுத் தகரத்தின் மேல் சாதாரண எனாமல் பெயிண்டை நேரடியாகப் பூசக் கூடாது. எனாமலில் உள்ள எண்ணெய்ப் பொருள் நாகத்தோடு சேர்ந்து சவர்க்காரம் போலாகி, பூச்சு உரிந்துவிடும். எங்கள் மண்டபத்தில் நடந்ததும் இதுதான். நாகப்பூச்சுத் தகரத்துக்கு என்று கடையில் கேட்டு, அதற்குரிய பிரைமரை வாங்குங்கள். உண்மையில், முழுதாக உள்ள புதுத் தகரத்துக்கு உடனே பூச்சே தேவையில்லை. வெட்டிய ஓரத்துக்கும் கீறலுக்கும் நாகம் நிறைந்த பெயிண்டைப் பிரஷால் தொட்டுவிட்டால் போதும். கிரைண்டரால் வெட்டினால் தெறிக்கும் சூடான இரும்புத்தூள் தகரத்தில் ஒட்டித் துருப்பொட்டாகும். கத்தரிக்கோலால் வெட்டுங்கள், இல்லையேல் தூளை அன்றே துடையுங்கள்.

பழைய லயத்துத் தகரத்திலும் தொழிற்சாலை இரும்பிலும் ஒரு காலத்தில் ஈயம் கலந்த செந்நிறப் பூச்சுப் பூசினார்கள். அதை உலர்ந்தபடி தேய்த்தால் ஈயத்தூள் பறக்கும்; குழந்தைகளின் மூளையை அது கெடுக்கும். நனைத்துச் சுரண்டி, உதிர்ந்ததைச் சேர்த்துக் கட்டுங்கள். வேலை நடக்கும் இடத்துக்குப் பிள்ளைகளை விடாதீர்கள். கூரைநீரைக் குடிநீருக்குப் பிடிக்கும் வீடுகளில் ஈயம் சேராத பூச்சுத்தானா என்று கேட்டு வாங்குங்கள். பூசியபின் வரும் முதல் மழைகளின் நீரைத் தாங்கிக்குள் விடாதீர்கள். அஸ்பெஸ்டஸ் கூரையென்றால் கம்பி பிரஷைத் தொடவே வேண்டாம். அதன் தூள் புற்றுநோய் தரும்.

எப்போது பூசுவது?

மேற்குச் சரிவில் தை இறுதி முதல் பங்குனி வரையே ஏற்ற காலம். அந்நாட்களிலும் காலையில் தகரம் பனியில் நனைந்திருக்கும். வெயிலேறித் தகரம் நன்றாகக் காய்ந்தபின் தொடங்குங்கள்; மாலை மூடுபனி இறங்குமுன் தொட்டால் ஒட்டாத அளவு காயும்படி, பிற்பகல் இரண்டு மணியோடு நிறுத்துங்கள். பொறியியலாளர்கள் காற்றின் ஈரப்பதம் 85 வீதத்துக்குக் குறைவாகவும், இரும்பு பனிபடியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 பாகை சூடாகவும் இருக்க வேண்டும் என்பார்கள். நாம் செய்யக்கூடிய சோதனை எளிது: ஈரத்துணியால் ஓரிடத்தைத் துடையுங்கள். கால்மணி நேரத்துக்குள் அது காயாவிட்டால் அன்று பூச வேண்டாம். பெயிண்ட் கட்டியானால் டப்பாவில் சொன்ன தின்னரையே சேருங்கள். மண்ணெண்ணெய் கலந்தால் பூச்சு காயாது.

உயிரைவிடக் கூரை பெரிதல்ல

துருப்பிடித்த தகரத்தில் காலை வைக்காதீர்கள். கைமரத்தின் மேல் பலகை போட்டு, அதன்மேல் நின்று வேலை செய்யுங்கள். இடுப்பில் கயிறு கட்டுங்கள். ஸ்பிரே அடிப்பவருக்குத் துணி முகமூடி போதாது. ஆவியைத் தடுக்கும் வடிகட்டி முகமூடி வேண்டும். இரண்டு டப்பாக்களைக் கலந்து அடிக்கும் பொலியூரித்தேன் வகையை வீட்டில் ஸ்பிரே செய்யவே கூடாது. அது தீராத ஆஸ்துமாவைத் தரக்கூடும். ஏர்லெஸ் மெஷினின் அழுத்தம் வேன் டயரின் அழுத்தத்தைப் போல் ஐம்பது மடங்குக்கும் மேல். அதன் முனை விரலில் பட்டால் பூச்சு தோலுக்குள் புகுந்துவிடும். வெளியே ஊசி குத்தியதுபோலத்தான் தெரியும், வலியும் முதலில் இராது. அப்படியே விட்டால் விரலையே இழக்க நேரும். தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போய், மெஷின் பூச்சு உள்ளே போய்விட்டது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நீங்கள் இருக்கும் இடம் மண்சரிவு அபாயமுள்ளது என்று அறிவிக்கப்பட்டதா என்பதைக் கிராம உத்தியோகத்தரிடமும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்திலும் கேட்டறிந்தபின்பே கூரைக்குப் பெருஞ்செலவு செய்யுங்கள். மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரத்தை விட்டு எழுந்த தலைமுறையின் கதை நமக்குத் தெரியும். திரும்பவும் எழுந்து போக வேண்டியிருக்கும் இடத்தில், கழற்றி எடுத்துச் செல்லக்கூடியதற்கே செலவிடுவது புத்தி.

கூட்டம் எடுத்த முடிவு

கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் பார்த்தபின் சங்கத்தார் மெஷினைக் கைவிட்டார்கள். நான்கு வீட்டுக்கு ஒரு பெட்டி என்று ஐந்து பெட்டிகள் போட்டார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு கம்பி பிரஷ், ஒரு சுரண்டி, எமரித்தாள், அகலமும் ஒடுக்கமுமான மூன்று பிரஷ், ஒரு சிறு ரோலர், கையுறை, கண்ணாடி, தூசி முகமூடி. எல்லோருக்கும் பொதுவாக ஓர் ஈரத்தடிப்புச் சீப்பும் ஒரு கூரை ஏணியும். மிஞ்சிய பணத்தை நல்ல பிரைமருக்கு ஒதுக்கினார்கள். பூச்சு வேலையைத் தொழிலாகச் செய்ய விரும்பிய இரண்டு இளைஞர்களிடம், முதலில் ஒரு நல்ல பெயிண்ட் பாஸிடம் வேலை பழகி, பிறகு தொழிற்பயிற்சி அதிகார சபையில் பயிற்சிகளைப் பற்றி விசாரிக்கும்படி சொன்னோம். கிரில், கேட் செய்யும் பட்டறையில் ஒரே மாதிரிப் பொருட்கள் நாள்தோறும் வரும். அங்கே கொம்ப்ரசர் ஸ்பிரேக்கு இடமுண்டு. அந்த நாள் வந்தால் மெஷினைப் பற்றித் திரும்பவும் கதைக்கலாம்.

பழைய ஃபிட்டர் பெரியவரை, துரு சுரண்டியதைச் சோதிக்கும் பொறுப்பாளராகச் சங்கத்தார் நியமித்தார்கள். அவர் விரலால் தேய்த்துப் பார்த்துச் சரி என்று சொன்னபிறகுதான் பெயிண்ட் டப்பாவைத் திறக்கலாம் என்பது அவர்கள் போட்ட முதல் விதி. உங்கள் குடியிருப்பிலும் இப்படி ஒருவர் இருப்பார். கடைக்குப் போகுமுன் அவரைத் தேடிப் பிடியுங்கள்.